வெறும் வண்டி எடை

சூலூர் பிரிவில் எடைமேடை வைத்திருக்கிறேன்.
பஞ்சுப் பொதி, மக்காச்சோளம், கோழித் தீவனம்,
தேங்காய்த் தொட்டி, ஜல்லி,
நாற்பது டன் வரை எதுவும் ஏறலாம்.
பாரத்தோடு ஓர் எண், வெறும் வண்டிக்கு ஓர் எண்.
கழித்துச் சொல்வது என் பிழைப்பு.

ஒரு செவ்வாய்க்கிழமை
போத்தனூரிலிருந்து மெல்வின் என்று ஒருத்தர் வந்தார்,
மொபெட்டில்.
பாரம் இல்லை. ஒரு நோட்டு.
நோட்டு முழுக்க விமான எண்கள்.
"டகோட்டாங்க. பட்டாளத்துச் சாமான் வண்டி.
அரிசி மூட்டை, மண்ணெண்ணெய்,
உயிரோடு ஆடு, எல்லாத்தையும் மலைமேல எறக்குனது.
எத்தனை மிச்சம்னு எழுதிட்டிருக்கேன்."

ஒன்று முகாம் வாசலில், தூண்மேல்.
ஒன்று கூடத்துக்குள், கயிறு கட்டி, தொடாதீர்கள் பலகையோடு.
ஒன்று பள்ளிக்கூட மைதானத்தில்;
வயிறெல்லாம் பிள்ளைகள் பேர் கீறிவிட்டார்கள்.
நானூற்றுப் பதினேழுக்கு நேராக மட்டும் கேள்விக்குறி.
"எண்பத்தேழுல ஏலம். உங்க மேடைலதான் ஏறியிருக்கணும்."

ஏறியது.
தைப்பூசத்துக்கு முந்தின வாரம், நான்கு லாரி.
கோடாலியால் பிளந்த ஓரம்
பலாத்தோல் மாதிரி சுருண்டிருந்தது.
மூக்கு மட்டும் முழுசாக,
கண்ணாடியில்லாத கண்ணோடு பல்லடம் ரோட்டில் போனது.
பழனிக்கு நடக்கிறவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.
காவடிக்காரர் ஒருத்தர்
என்னவென்று தெரியாமலே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

எலி தின்றது போக இருந்த ரசீதுக் கட்டை இறக்கினேன்.
ஏலத் தாளில் ஆறாயிரத்து நூறு கிலோ.
என் கையெழுத்தில் ஐயாயிரத்து எண்ணூற்று ஐம்பது.

குறை என்றால் திருட்டு,
அப்படித்தான் எனக்குப் படிக்கத் தெரியும்.
மெல்வின் பேனாவைத் திறந்துவிட்டார்:
"அப்ப, உருக்காம எங்கியோ இருக்குங்க!"

மேடையைப் பையனிடம் விட்டுவிட்டு
அவர் பின்னால் உட்கார்ந்தேன்.

பாப்பம்பட்டியில் ஒரு சக்கரம்
டிராக்டருக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியைச் சுமக்கிறது.
உள்வளையத்தில் எண் உண்டா என்று
சேற்றில் படுத்துத் தடவினார். இருந்தது.
சோமனூரில் ஒரு தறிக்குடோனுக்கு ஜன்னல்.
நடுவில் துப்பாக்கி நீட்டுகிற ஓட்டை,
அது வழியாகக் கேபிள் வயர் உள்ளே போகிறது.
காடாம்பாடி சலூனில் நீள இருக்கை;
குதிக்கப் போகிறவர்கள் வரிசையாக உட்கார்ந்தது.
"சித்தே பொறுங்க" என்றார் கடைக்காரர்,
"முன்னாடி ஒருத்தர்தான்."

கழற்ற யாரும் விடவில்லை.
கண்ணால் போட்டுப் பார்த்தேன், நூற்றுப் பத்து கிலோ.
"இன்னும் நூத்திநாப்பது" என்றார் மெல்வின்.
மணி மூன்று. அவருக்குப் பசியே இல்லை.

அவரிடம் சொல்லாதது இது.
ஏலம் எடுத்த நாச்சிமுத்து
கிலோவுக்குப் பணம் கட்டுகிறவர்.
வெறும் வண்டி மேடையேறும்போது
தார்ப்பாய்க்கு அடியில்
அவர் ஆள் குழந்தைவேலு மல்லாந்து படுத்திருந்தான்.
நான்கு லாரிக்கும் அவனேதான்.
அறுபது, அறுபது,
நடுவில் சாப்பிட்டுவிட்டான்,
அறுபத்தைந்து, அறுபத்தைந்து.
எனக்கு ஐம்பது ரூபாய்.
"மூச்ச அடக்குனா கனம் கூடுமாங்ணா?" என்று கேட்டான்.

குறைந்தது இரும்புமில்லை, அலுமினியமுமில்லை.
ஓர் ஆள்.

பிறகு அந்தச் சக்கரம்?
ஜன்னல்?
பட்டறையிலிருந்து யார் யாரோ கொண்டுபோனது,
என் ரசீதுக்கு அப்புறம், எந்தக் கணக்கிலும் ஏறாமல்.
நான் எழுதிய பொய்யை நம்பிப் போனால்
போன இடத்தில் சாமான் நிற்கிறது.

கேள்விக்குறியை அடித்து
'பகுதி, சூலூர் சுற்றுவட்டாரம்' என்று எழுதிக்கொண்டார்.
செவ்வாய்தோறும் வருகிறார்.
போன வாரம் வாகராயம்பாளையம், ஒரு கோழிப்பண்ணைக் கதவு.
பன்னிரண்டு கிலோ தேறும்.

குழந்தைவேலு கலங்கல் பிரிவில் இளநீர் வெட்டுகிறான்.
தொப்பை போட்டுவிட்டது, இன்றைக்கு ஏறினால் எண்பது.
அந்த இடம் வரும்போதெல்லாம்
மெல்வினின் தோளைத் தட்டி
எதிர்ப்பக்கம் எதையாவது காட்டுகிறேன்.